கை கழுவும் நோயும் மரபணுவும்

கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவுபவரை ‘ஓவர் சுத்தம்’ என்று கேலி செய்வது எளிது. ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் அது.

1909-இல் பிராய்ட் இதன் காரணத்தை அடிமனதில் தேடினார். 1960-களின் பிற்பகுதியில், மனச்சோர்வுக்குக் கொடுத்த குளோமிப்ரமின் மாத்திரை இந்நோயையும் தணித்தது. மருத்துவர்கள் பார்வை மூளையின் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் பக்கம் திரும்பியது. 1980-களில் ஸ்கேன் படங்கள், மூளையின் சில பகுதிகள் மிகையாக இயங்குவதைக் காட்டின.

பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனி கிளினிக் உண்டு. மரபணு ஆய்வும் நடக்கிறது. 53,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2025-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, மரபணுத் தொகுதியில் தொடர்புடைய 30 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

வரன் பார்க்கையில் இந்நோயை மறைக்கும் குடும்பங்கள் ஒன்றை அறிய வேண்டும்: தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதில்லை. வந்தாலும் சிகிச்சை உண்டு.