கறுவா எண்ணெய்

இலங்கையின் காலி, மாத்தறைப் பகுதிகளில் விளையும் கறுவா மரம் (தமிழ்நாட்டில் இலவங்கப்பட்டை) ஒன்றுதான்; அதன் பட்டை, இலை, வேர் ஆகியவற்றிலிருந்து வடிக்கும் எண்ணெய்களோ வெவ்வேறு. பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு மேலோங்கும்; சமையலில் பட்டை போட்டதும் எழுகிற அந்த இனிப்பு மணம் அதனுடையது. இலை எண்ணெயில் 70 முதல் 85 சதவீதம் வரை யூஜினால். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் கிராம்பு என்றே சொல்லத் தோன்றும். வேர்ப்பட்டையில் மிகுந்திருப்பது கற்பூரம்.

ஆய்வகத்தில் நறுக்கிய பாகத்தை நீரோடு கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து எண்ணெயைப் பிரிப்பார்கள். இலை எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது. குழாயின் அடியில் மஞ்சள் துளிகளாய்த் தங்கும். அதில் ஒரு சொட்டை வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்தினால், நீண்ட நுண்குழாயின் வழியே ஒவ்வொரு சேர்மமும் தனக்குரிய நேரத்தில் வெளியேறும். அதோடு இணைந்த நிறை நிறமாலைமானி அச்சேர்மத்தின் மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும்.

வியாபாரத்தில் இந்தச் சோதனையின் பயன் பெரிது. விலை மலிந்த இலை எண்ணெயைப் பட்டை எண்ணெயில் கலப்பது பழைய தந்திரம். மூக்கு ஏமாறலாம். ஆனால் கருவி தரும் வரைபடத்தில் யூஜினால் முகடு அளவுக்கு மீறி உயர்ந்தால் கலப்படச் சந்தேகம் எழும்.