முன்பாரம், பின்பாரம்: உமணர் வண்டி முதல் டிராக்டர் டிரெய்லர் வரை

சில வருடங்களுக்கு முன்னால் ஆன்சைட் வேலையாக டெக்சாஸில் இருந்தேன். வீடு மாற்றுவதற்காக ஒரு சின்ன டிரெய்லரை வாடகைக்கு எடுத்து என் காருக்குப் பின்னால் மாட்டினேன். வாஷிங் மெஷின், புத்தகப் பெட்டிகள் மாதிரி கனமான சாமான்களைக் கதவோரமாக, பின்பக்கம் வைத்தேன். முதலில் இறக்கிவிடலாமே என்ற சோம்பேறித்தனம்தான். ஹைவேயில் 55 மைல் வேகத்தைத் தொட்டதும் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அது காரையே இழுத்து ஆட்டியது. பின் சீட்டில் மனைவியும் மகளும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி எப்படியோ ஓரம் கட்டினேன். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

அன்று இரவு கட்டுமாவடிக்கு போன் பேசினேன். பெரியப்பா எடுத்தார். இளவயதில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு அறந்தாங்கிக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். நான் கதையை முடிக்கவே விடவில்லை.

"முன்பாரமா ஏத்துனியா, பின்பாரமா ஏத்துனியா?"

"பின்னாலதான் பெரியப்பா அதிகம்."

"இவ்வளவு படிச்சு என்னடா பிரயோசனம்?"

டிரெய்லர் வாடகைக்கு விடும்போது தரும் காகிதத்தில் எழுதியிருந்ததும் இதேதான்: பாரத்தில் 60 சதவீதம் முன்பாதியில் இருக்கட்டும். நான்தான் படிக்கவில்லை. காரும் டிரெய்லரும் பார்க்காத ஒரு வண்டிக்காரர் அதை ஒரே கேள்வியில் பிடித்தது எப்படி? அதிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை.

ஒரு அச்சு, ஒரு தராசு

மாட்டுவண்டியும் இரண்டு சக்கர டிரெய்லரும் அடிப்படையில் ஒன்றுதான். நடுவில் ஒரு அச்சு. முன்னால் நீளும் ஒரு தடி. வண்டியில் அது ஏர்க்கால், அதன் நுனியில் நுகத்தடி, அதற்குக் கீழே மாட்டின் கழுத்து. டிரெய்லரில் அது இரும்புக் கம்பி, அதன் நுனியில் கொக்கி, அதற்குக் கீழே காரின் பின்பக்கம். இரண்டுமே அச்சில் நிற்கும் தராசுகள்.

ஒரு சின்னக் கணக்கு. அச்சிலிருந்து நுகத்தடிக்குப் பத்து அடி தூரம், ஏற்றிய பாரம் 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாரத்தின் மையம் அச்சுக்கு நாலு அங்குலம் முன்னால் இருந்தால், நுகத்தடியில் விழும் எடை சுமார் 33 கிலோ. மையம் ஒரு அடி முன்னால் போனால் 100 கிலோ, அதாவது மாட்டுக்கு ஐம்பது. எட்டு அங்குல வித்தியாசத்தில் கழுத்துச் சுமை மூன்று மடங்கு! மையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் கதையே வேறு. ஏர்க்கால் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். "வண்டி அண்ணாந்துக்கும்" என்பார் பெரியப்பா.

மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாயும், இறக்கத்தில் முன்னால் வந்து அழுத்தும். அதனால் வண்டிக்காரர் மேட்டில் ஏர்க்கால் பக்கம் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் தள்ளிப் போவார். தன் உடம்பையே எடைக்கல்லாகப் பயன்படுத்தினார். எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, மாடு கற்றுக்கொடுத்த பாடம்.

கார் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது: வேகம். மாடு மணிக்கு மூன்று நாலு கிலோமீட்டர்தான் நடக்கும், அதில் நெளிவு வராது. வேகம் கூடும்போது, பின்பாரமான டிரெய்லரைக் காற்றோ பள்ளமோ லேசாகத் தட்டினால் போதும், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். முன்பாரம் இருந்தால் ஆட்டம் தானாக அடங்கும். அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. காரணம் வேறு, விதி ஒன்றுதான்.

உருளும் வீடு

இழுத்துக்கொண்டு போகும் வீட்டை, அதாவது டிராவல் டிரெய்லரை, மேல்நாட்டுச் சமாச்சாரம் என்றே நினைக்கிறோம். உல்லாசத்துக்காகவே கட்டப்பட்ட ஆரம்பகால வண்டி வீடு என்று சொல்லப்படுவது, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் 1885இல் இங்கிலாந்தில் செய்துகொண்ட 'வாண்டரர்'. இரண்டு குதிரைகள் இழுத்தன. 1907இல் அங்கே கேரவன் கிளப்பே தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பாருங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வணிகர்களான உமணரின் வண்டியை வர்ணிக்கிறார். மேலே கூரை வேய்ந்திருக்கிறது. கோழிக்கூடு இருக்கிறது. சின்ன உரல் ஒன்று தொங்குகிறது. முகப்பில் ஊறுகாய்ப் பானை கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. பிள்ளை வைத்திருக்கும் ஒரு பெண் மாட்டை ஓட்டுகிறாள், ஆண்கள் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள். சமையலறையோடு ஒரு குடும்பமே சக்கரத்தின்மேல்!

"நாங்கதான் முதல்ல" என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. ஸ்டேபிள்ஸ் பொழுதுபோக்குக்குப் போனார், உமணர் பிழைப்புக்குப் போனார்கள். பிழைப்புக்குப் போனவர்களுக்கு வண்டி உடைந்தால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தது. புறநானூறு 102ஆம் பாட்டில் ஔவையார், நுகத்தடிக்குப் பழகாத இளமாடுகளையும் மேடுபள்ளத்தையும் நினைத்து, உமணர்கள் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதை உவமையாகச் சொல்கிறார். அதற்குப் பெயர் சேமவச்சு. நம்ம ஸ்டெப்னிக்குப் பாட்டி! திருக்குறள் 475, மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று ஓவர்லோடைப் பற்றிப் பேசுகிறது.

வில் வந்த கதை

இந்த வண்டிகளில் இல்லாதது ஒன்றுதான், சஸ்பென்ஷன். மரச்சக்கரம், இரும்புப் பட்டா, கல்லில் ஏறினால் அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்கு.

1804இல் ஒபதையா எலியட் என்பவர் இங்கிலாந்தில் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வகை ஸ்பிரிங் நம் ஊர் வண்டிக்கு வந்தபோது மக்கள் அதற்கு வைத்த பெயர் எவ்வளவு அழகு: வில் வண்டி. கூண்டு, மெத்தை, சலங்கை என்று பண்ணை வீட்டுக்காரர்களும் செட்டியார் வீட்டுக்காரர்களும் போய்வந்தது அதில்தான். சுமை வண்டிக்கு அந்த யோகம் இல்லை. பிறகு காற்றடைத்த ரப்பர் சக்கரத்தோடு டயர் வண்டி வந்ததும்தான் அதற்குக் கொஞ்சம் மெத்தென்று ஆனது.

இங்கே ஒரு நுணுக்கம். கொக்கியில் பாரம் அதிகமானால் காரின் பின்பக்கம் அமுங்கும், முன்சக்கரம் லேசாகும். ஸ்டீயரிங்கும் முன் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். உடனே பலர் பின்னால் கெட்டியான ஸ்பிரிங் போடுகிறார்கள். கார் நிமிர்ந்துவிடும், ஆனால் முன்சக்கரம் இழந்த எடை திரும்ப வராது. அதற்கென்றே, இரண்டு ஸ்பிரிங் கம்பிகளால் நெம்பி எடையை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்துவிடும் கொக்கி இருக்கிறது. வில் அதிர்ச்சியைத்தான் வாங்கும், பாரத்தைச் சமன் செய்வது வேறு வேலை.

டிராக்டர் சொல்லாது

1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை எங்கள் பகுதி தஞ்சாவூர் மாவட்டம். காவிரித் தண்ணீர் எட்டிய வயல்களில் டிராக்டரும் மெல்ல வந்தது. சென்னையில் டாஃபே நிறுவனம் 1960இல் தொடங்கி மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது. அந்தப் பெயரில் இருக்கும் ஹாரி ஃபெர்குசன் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது கொக்கியோடுதான். பழைய டிராக்டர்களில் இழுத்துவந்த கலப்பை பாறையில் மாட்டினால், டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டுநர்மேலேயே கவிழும். மூன்று புள்ளிகளில் கலப்பையைப் பிடிக்கும் அவருடைய அமைப்பு 1939இல் ஃபோர்டு டிராக்டரில் வந்து அதற்கு விடை சொன்னது.

ஆனால் அது கலப்பைக்கு. டிரெய்லரை அச்சைவிடத் தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க மேல் கம்பியில் சங்கிலி கட்டினால், பழைய ஆபத்து அப்படியே திரும்பி வரும். இன்றைக்கும் அப்படிக் கட்டுகிறார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மீன் மார்க்கெட் தாண்டி, பெரியப்பாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். செங்கல் ஏற்றிய இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று போனது. பின்னால் சிவப்பு விளக்கு இல்லை, செங்கல் முழுக்க வால்பக்கம். பெரியப்பா அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரம் தப்புன்னா மாட்டுக்குக் கழுத்துல புண்ணு வரும், நடக்காம நின்னுரும், நமக்குத் தெரிஞ்சுரும். இது எதையும் சொல்லாதேடா. கவுந்தப்புறம்தான் தெரியும்."

டெக்சாஸில் என் கார் கொஞ்சமாவது சொன்னது. காது கொடுத்துக் கேட்க எனக்குத்தான் நேரமாகிவிட்டது.