வால் அறுந்த நாய்க்கு ஆயிரம் கினி

பழம்பொருள் ஏலக்காரர்களின் கேட்டலாக்கைப் புரட்டினால் பளிங்கு நாய்கள் கூட்டமாக வந்து நிற்கும். வாசலின் இருபுறமும் உட்கார வைக்கிற ஜோடி, மெத்தையில் சுருண்டு தூங்கும் ஸ்பேனியல், மேசைக் காகிதத்தின் மேல் வைக்கிற உள்ளங்கையளவு கிரேஹவுண்ட் என்று தினுசு தினுசாக. இவற்றைத் தவிர வேறெதையும் வாங்காத சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். கடவுளுக்கும் அரசனுக்கும் உரிய கல்லென்று கருதப்பட்ட பளிங்கில் நாயைச் செதுக்கி, அதை ஒரு பெரிய மனிதரின் முன்கூடத்தில் வைப்பது கௌரவம் என்ற எண்ணம் இங்கிலாந்தில் வேரூன்ற ஒரு குறிப்பிட்ட நாய் பெரிய காரணம். இன்று அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ‘ஜென்னிங்ஸ் நாய்’ என்று அதற்குப் பெயர்.

அதன் கதையை ரோமில், பார்த்தொலோமேயோ காவாசெப்பியின் பட்டறையில் தொடங்குவதுதான் சரி. 18-ஆம் நூற்றாண்டு ரோமில் மண்ணைத் தோண்டினால் சிலை கிடைத்தது. ஆனால் முழுச் சிலை கிடைப்பது அபூர்வம். கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், மூக்கில்லாத முகம் என்றுதான் வரும். பணக்கார ஆங்கிலேய இளைஞர்களோ படிப்பு முடிந்த கையோடு ‘கிராண்ட் டூர்’ என்று இத்தாலியைச் சுற்ற வந்து, திரும்பும்போது பழைய சிலை ஒன்றாவது வாங்கிப் போகத் துடித்தார்கள். உடைந்ததை அவர்கள் வாங்க மாட்டார்கள். இந்த இடைவெளியில்தான் காவாசெப்பி பிழைத்தார். பிழைத்தார் என்பதைவிடக் கொழித்தார் என்று சொல்லலாம். கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ அல்பானியின் ஆதரவு அவருக்கு இருந்தது. உடைந்த சிலைக்கு மூக்கு வைப்பதிலும் விரல் வைப்பதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. தொழிலின் விதிகளைப் பிற்பாடு ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். ஒட்டப்போகும் கல் பழைய கல்லோடு நிறமும் மணியும் ஒத்திருக்க வேண்டும். உடைந்த விளிம்பு கரடுமுரடாக இருக்கிறதே என்று பழைய கல்லைச் சீவி மட்டப்படுத்தக் கூடாது, புதிய துண்டைத்தான் அந்த மேடுபள்ளத்துக்கு ஏற்பச் செதுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. இன்றைக்கும் செல்லுபடியாகும் பேச்சு.

1753-க்கும் 1756-க்கும் இடையில் ஒரு நாள் ஹென்றி கான்ஸ்டன்டைன் ஜென்னிங்ஸ் அந்தப் பட்டறைக்குள் நுழைந்தார். 1731-இல் பிறந்தவர், அப்போது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. கையில் குடும்பச் சொத்து, மனதில் அரிய பொருள் எதைக் கண்டாலும் அடங்காத ஆசை. பட்டறையின் இடிபாட்டுக் குவியலுக்குள் ஒரு பளிங்கு நாய் கிடந்தது. 80 பவுண்டுக்கு அதை வாங்கிவிட்டார்.

நாயைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். பின்புறத்தைத் தரையில் ஊன்றி, முன்னங்கால்களை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறது. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி நிமிர்த்தியிருக்கிறது; வாய் லேசாகத் திறந்திருக்கிறது. யாரோ வருகிற சத்தம் கேட்டு, குரைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கணம். கழுத்தைச் சுற்றிச் சடை சடையாக அடர்ந்த மயிர், அதற்குக் கீழே வழவழவென்று இறங்கும் மார்பும் விலாவும். சொரசொரப்புக்கும் வழவழப்புக்கும் நடுவிலுள்ள இந்த வித்தியாசத்தில்தான் சிற்பியின் கை தெரிகிறது. மூக்குப் பகுதியும் ஒரு காலும் பிற்காலத்தில் சரிசெய்யப்பட்டவை. வாலோ உடைந்தது உடைந்தபடியே, மொட்டையாக விடப்பட்டிருக்கிறது. மூக்கு வைத்த கை வாலை ஏன் வைக்கவில்லை என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. வைத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

உட்கார்ந்த நிலை தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பளிங்கு தன் தலையில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்கும். ஆனால் வளைந்தால் முறிந்துவிடும். நான்கு மெல்லிய கால்களில் நிற்கும் நாயைச் செதுக்கினால் வயிற்றுக்குக் கீழே முட்டுக் கொடுத்தாக வேண்டும். மரக்கட்டை, பாறை என்று எதையாவது அங்கே செதுக்கி ஒப்பேற்றுவார்கள். உட்கார்ந்த நாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. உடம்பின் எடை முழுவதும் பின்புறம் இறங்கிவிடும். இப்போதும் விற்பனைக்கு வருகிற பழைய பளிங்கு நாய்களில் பெரும்பாலானவை உட்கார்ந்தோ படுத்தோதான் இருக்கும். கல்லின் குணம் அப்படி.

ஜென்னிங்ஸ் வாங்கியது மூலச் சிலையும் அன்று. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமானியச் சிற்பி ஒருவர், அதற்கும் முந்தைய கிரேக்க வெண்கல நாயைப் பார்த்துச் செய்த நகல் அது. நாயின் இனம் மொலோசியன். கிரேக்கத்தின் வடமேற்கிலுள்ள எப்பைரஸ் பகுதியில் வாழ்ந்த மொலோசியர்களின் காவல் நாய் இனம். ரோமானியர்கள் கி.மு. 168-இல் எப்பைரஸைப் பிடித்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபோது மூலச் சிலையும் ரோமுக்குப் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். வெண்கலத்தை உருக்கிக் காசாக்கலாம், ஆயுதமாக்கலாம். அதனால் மூலம் போய்விட்டது, நகல் பிழைத்தது. ஃப்ளாரன்ஸின் உஃபிஸியிலும் வாத்திகனிலும் இதே சாயலில் நாய்கள் இருப்பதால், அந்த வெண்கல நாய் அக்காலத்தில் பேர்பெற்றதாக இருந்திருக்க வேண்டும்.

நாய்ச் சிலைமேல் பைத்தியம் பிடிப்பது ஆங்கிலேயர்கள் தொடங்கி வைத்த வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ரோமின் கேப்பிட்டல் குன்றில், ஜூனோவின் சன்னிதியில், தன் புண்ணை நக்கும் வெண்கல நாய் ஒன்று இருந்ததாக மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அதற்கு ஈடாக எந்தத் தொகையையும் ஜாமீனாகக் கேட்க முடியாது என்பதால், காவலர்கள் தங்கள் உயிரையே பிணையாக வைக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டிருந்ததாம். கி.பி. 69-இல் உள்நாட்டுச் சண்டையில் கேப்பிட்டல் எரிந்தபோது அதுவும் போயிற்று.

இங்கிலாந்துக்கு வந்த ஜென்னிங்ஸின் நாய்க்கு இப்போது ஒரு வரலாறு தேவைப்பட்டது. அங்கேதான் வால் உதவிக்கு வந்தது. ஏதென்ஸின் அல்சிபியாடீஸைப் பற்றி புளூட்டார்க் சொல்லும் கதை ஒன்று உண்டு. கி.மு. 5-ஆம் நூற்றாண்டுத் தளபதி. அழகன், பணக்காரன், எல்லாரும் எப்போதும் தன்னைப் பற்றியே பேச வேண்டும் என்ற நினைப்புள்ளவன். 70 மீனா கொடுத்து அருமையான ஒரு நாயை வாங்கினான். ஒரு மீனா 100 டிராக்மா. தேர்ந்த தொழிலாளிக்கு நாளைக்கு ஒரு டிராக்மா கூலி என்று வைத்தால், ஓர் ஆளின் ஏறக்குறைய இருபது வருட உழைப்பு. அந்த நாயின் மிக அழகான உறுப்பு அதன் வால். அதைத்தான் அவன் வெட்டியெறிந்தான். நண்பர்கள் திட்டியபோது சிரித்தானாம். ஊர் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தன்னைப் பற்றி இதைவிட மோசமாக எதுவும் பேசாது என்பது அவன் கணக்கு.

மொட்டை வால், கிரேக்கச் சாயல், கம்பீரமான உருவம். வேறென்ன வேண்டும்? இது அல்சிபியாடீஸின் நாய்தான் என்று சொல்லிவிட்டார்கள். காலக்கணக்கு ஒத்து வராது. அந்த வெண்கல மூலமே அல்சிபியாடீஸ் செத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து உருவானதாகத்தான் கருதுகிறார்கள். வாலும் யாரும் வெட்டியது இல்லை, மண்ணுக்குள் உடைந்தது. ஆனாலும் கதை நின்றது. பழம்பொருள் வியாபாரத்தில் கல்லுக்கு ஒரு விலை, கதைக்கு ஒரு விலை என்றால், இரண்டாவதுதான் எப்போதும் கூடுதல். ஊரில் ஜென்னிங்ஸின் பெயரே ‘டாக் ஜென்னிங்ஸ்’ என்றாகிவிட்டது.

1778 ஏப்ரலில் லண்டனில் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனின் நண்பர் வட்டம் கூடியிருந்தபோது இந்த நாயின் பேச்சு வந்தது. ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் அதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆயிரம் கினி மதிப்பாம், அல்சிபியாடீஸின் நாயாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். அப்படியானால் வால் வெட்டியிருக்க வேண்டுமே என்று ஜான்சன் உடனே கேட்டார். எந்த மிருகத்தின் சிலைக்கும் அவ்வளவு கொடுக்கத் தகாது என்று இன்னொருவர் அடித்துப் பேசினார். ஜான்சன் விடவில்லை: விலை அந்தப் பொருளுக்கு இல்லை, அதை உருவாக்கிய திறமைக்கு என்றார். கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் அந்தச் சிற்பியின் பெயர்கூட யாருக்கும் தெரியாது என்பதையும், அங்கே பேச்சைத் தொடங்கி வைத்தது அல்சிபியாடீஸின் பெயர் என்பதையும் வைத்துப் பார்த்தால், ஜான்சன் பாதிதான் சரி என்பேன்.

அந்த ஆண்டே நாய் கைமாறியது. சூதாட்டக் கடன் கழுத்தை நெரிக்க, ஜென்னிங்ஸ் அதை ஆயிரம் கினிக்கு விற்றார். ஒரு கினி 21 ஷில்லிங். ஆக 1,050 பவுண்ட். எண்பதுக்கு வாங்கியது பதின்மூன்று மடங்குக்குப் போயிற்று. வாங்கிய சார்லஸ் டன்கோம் அதை யார்க்‌ஷயரிலுள்ள தன் மாளிகையான டன்கோம் பார்க்குக்குக் கொண்டுபோனார். ஜென்னிங்ஸ் அதற்குப் பிறகும் சிப்பி, ரத்தினம், சிலை என்று சேர்ப்பதும் இழப்பதுமாகவே காலம் தள்ளி, 1819-இல் கடனாளியாகவே இறந்தார்.

பளிங்கு மிருகங்கள்மேல் ஆசை ஜென்னிங்ஸோடு நின்றுவிடவில்லை. வாத்திகனில் போப் ஆறாம் பயஸ் காலத்தில் பளிங்கு மிருகங்களுக்கென்றே ஒரு கூடம் அமைந்தது. கேவின் ஹாமில்டன் என்பவர் ரோமுக்கு அருகே மோன்டே காஞோலோவில் தோண்டியபோது கிரேஹவுண்ட் ஜோடி ஒன்று கிடைத்தது. பெண் நாய் ஆண் நாயின் காதைச் செல்லமாகக் கவ்வுகிற சிற்பம். அதை சார்லஸ் டவுன்லி என்ற சேகரிப்பாளர் வாங்கினார். அவருடைய சேகரிப்போடு 1805-இல் அது பிரிட்டிஷ் மியூசியம் போய்ச் சேர்ந்தது. ஜென்னிங்ஸ் நாயின் நகல்கள் ஆங்கிலேய மாளிகைகளின் கூடங்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின.

பழைய நாய் கிடைக்காதவர்கள் புதிதாகச் செய்யச் சொன்னார்கள். இந்தத் திருப்பத்தில் எனக்குப் பிடித்தவர் ஆன் சீமோர் டேமர். பெண்கள் உளியைத் தொடுவதே வேடிக்கையாகப் பார்க்கப்பட்ட காலத்தில் பளிங்கில் நாய்களைச் செதுக்கியவர். சுருள் சுருளாக மயிர் தொங்கும் சின்ன மடிநாய் ஒன்றை 1782 வாக்கில் செய்தார்; இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. மொலோசியன் நாயிடம் இல்லாத ஒன்று இதனிடம் உண்டு. இது யாருடைய மடியிலோ உண்மையாகவே வளர்ந்த நாய் என்று தெரியும். அடுத்த தலைமுறையில் ஜோசப் காட் என்ற ஆங்கிலேயச் சிற்பி ரோமிலேயே குடியேறி, கிராண்ட் டூர் வருகிறவர்களுக்கு நாயும் குட்டிகளுமாகச் செய்து கொடுத்தார். இன்று ஏலத்துக்கு வரும் நல்ல பளிங்கு நாய்களில் பல இந்த வழியில் வந்தவை.

உச்சத்துக்குப் போனவர் டட்லி பிரபு. பாஷா என்ற தன் நியூஃபவுண்ட்லாந்து நாயை நிஜ அளவில் செய்யும்படி மேத்யூ கோட்ஸ் வயாட்டிடம் சொன்னார். நாயின் கறுப்பு வெள்ளைத் தோலுக்கு ஏற்பப் பல நிறப் பளிங்கு, கண்ணுக்கு விலையுயர்ந்த கற்கள், காலடியில் வெண்கலப் பாம்பு என்று வேலை நீண்டுகொண்டே போக, 1833-இல் பிரபு இறந்துவிட்டார். வயாட் கேட்டது 5,000 கினி. சொத்தை நிர்வகித்தவர்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 1851-இன் மாபெரும் கண்காட்சியில் கூட்டத்தை இழுத்த அந்த நாய் இன்று லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் நிற்கிறது. பணம் கொட்டிச் செய்தது என்பது பார்த்ததும் தெரிகிறது. அதுவே அதன் குறையும்கூட. இதற்கெல்லாம் வசதியில்லாத வீடுகளுக்கு ஸ்டாஃபர்ட்‌ஷயர் குயவர்கள் பீங்கான் ஸ்பேனியல்களை ஜோடி ஜோடியாகச் சுட்டுத் தள்ளினார்கள்.

ஜென்னிங்ஸ் விற்ற நாய் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் டன்கோம் குடும்பத்திடமே இருந்தது. 2001-இல் அது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்துக்குப் போகிற நிலை வந்தது. பிரிட்டன் ஏற்றுமதி உரிமத்தை நிறுத்தி வைத்தது. பொதுமக்களிடம் திரட்டியதும் அறநிதிகள் கொடுத்ததுமாக 6,62,297 பவுண்ட் சேர்த்து பிரிட்டிஷ் மியூசியம் அதை வாங்கியது. இப்போது அருங்காட்சியகக் குறிப்பில் மொலோசியன் நாய் என்றுதான் இருக்கும். ஆனால் அல்சிபியாடீஸின் பெயரும் ஜென்னிங்ஸின் பெயரும் அதை விட்டுப் போகவில்லை.

பளிங்கு நாய் வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. பளிங்குத்தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்த நாய்கள் சந்தையில் ஏராளம். கையில் எடுத்தால் கனம் குறைவாக இருக்கும், தொட்டால் கல்லின் குளிர்ச்சி இருக்காது, விலாவிலோ காதோரத்திலோ அச்சின் தையல் கோடு ஓடும். அசல் பளிங்கு சிறிது பெயர்ந்த இடத்தில் சர்க்கரைப் பருக்கை போல மினுங்கும். நகத்தால் கீறினால் தடம் விழுகிறதென்றால் அது அலபாஸ்டர். அடிப்பக்கத்தைத் திருப்பி உளித்தடம் பாருங்கள். மேலே எவ்வளவு மெருகேற்றினாலும் அடியில் யாரும் மெனக்கெட மாட்டார்கள். வினிகர் ஊற்றிச் சோதிக்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள், மெருகு போய்விடும். காதோ வாலோ உடைந்த பழைய நாய் கிடைத்தால், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுகிற வரைக்கும் அதை ஒட்டவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.