மாங்காய் விலையை ரேடியோவில் பேசலாமா? சித்தூர், திருப்பதி பக்கம் ஒரு சமுதாய வானொலி என்ன செய்ய முடியும்

2025 ஜூனில் சித்தூர் மாவட்டத்தில் தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்தது. நம்ம ஊர்ல கிளிமூக்கு என்று சொல்வோமே, அதேதான். மாங்கூழ் தொழிற்சாலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. கர்நாடகத்திலிருந்து இதே ரகம் உள்ளே வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா, சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். ஜூலையில் மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் குவிண்டாலுக்கு 1,490.73 ரூபாய் விலையில் 1.62 லட்சம் டன்னுக்கு ஒப்புதல் தந்தது.

இவை எல்லா ஊடகத்திலும் வந்த செய்திகள். ஆனால் மாங்காய் ஏற்றிய டிராக்டரோடு ஃபேக்டரி வாசலில் நிற்கிறவருக்குத் தேவைப்படுவது வேறு. இன்று எந்த ஃபேக்டரி காய் எடுக்கிறது? வரிசை எவ்வளவு தூரம்? அந்த 4 ரூபாய்க்கு என்ன காகிதம் கேட்கிறார்கள்? பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் பயன்படுகிற தகவல் இது. இதைச் சொல்வதற்கென்றே சட்டப்படி ஒரு ஊடகம் இருக்கிறது: சமுதாய வானொலி, அதாவது கம்யூனிட்டி ரேடியோ. அதில் இந்த மூன்று கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்ல முடியுமா என்பதில்தான் சிக்கல்.

காற்றலை யாருடையது?

இந்தக் கேள்விக்கு விடை ஒரு கிரிக்கெட் வழக்கில் கிடைத்தது. 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்பு உரிமைக்காக வங்காள கிரிக்கெட் சங்கமும் மத்திய அரசும் மோதின. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், காற்றலை பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகம் அல்ல என்றது. தீர்ப்பு எழுதிய நீதிபதிகளில் ஒருவர் பி.பி.சாவந்த்.

தீர்ப்பு வந்தும் லைசென்ஸ் வரவில்லை. சித்தூரைப் போலவே ராயலசீமையில் உள்ள கர்னூல் மாவட்டத்தின் ஓர்வகல்லில், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 2002இல் 'மன ரேடியோ' என்று சிறிய ஒலிபரப்பு ஒன்றைத் தொடங்கின. லைசென்ஸ் இல்லை என்று 2003இல் அது நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், குப்பத்திலிருந்து அதிக தூரமில்லாத பூதிகோட்டையில், 'நம்ம த்வனி' வேறு வழி கண்டுபிடித்தது. காற்றில் அனுப்பினால்தானே லைசென்ஸ் வேண்டும்? ஊர் கேபிள் டிவி கம்பி வழியாகவே நிகழ்ச்சிகளை அனுப்பினார்கள்! டிவி பெட்டியில் ரேடியோ கேட்ட ஊர் அது.

2002 இறுதியில் மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் நாட்டின் முதல் வளாக வானொலியாக வந்தது. தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்ற கொள்கைக்கு 2006 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு 2008 அக்டோபர் 15 அன்று, அப்போதைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டம் மாச்சனூரில், தலித் பெண் விவசாயிகள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' ஒலிபரப்பைத் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அதே சாவந்த். யுனெஸ்கோ உதவியோடு ஸ்டூடியோ எப்போதோ தயார். அனுமதிக்குத்தான் பல வருடம் ஆனது. சிறுதானியம், விதை, பூச்சி, பாட்டு, வீட்டுச் சண்டை எல்லாம் அந்த ஊர்ப் பேச்சுத் தெலுங்கிலேயே போனது.

எவ்வளவு தூரம் கேட்கும்?

விதிப்படி ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட், ஆன்டெனா உயரம் அதிகபட்சம் 30 மீட்டர். நடைமுறையில் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை கேட்கும். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 10 கிலோமீட்டர் ஆரம் என்றால் சுமார் 314 சதுர கிலோமீட்டர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பு இருந்த பழைய சித்தூர் மாவட்டம் சுமார் 15,150 சதுர கிலோமீட்டர். முழுவதும் எட்ட வேண்டுமானால் 48 நிலையங்கள் தேவை. எஃப்எம் அலை மலையைத் தாண்டாது என்பதால், நகரி மலை, சேஷாசலம் என்று மலைகள் நிறைந்த அந்தப் பகுதியில் உண்மையான எண்ணிக்கை இன்னும் கூடும். நாடு முழுவதற்கும் 2024 பிப்ரவரியில் இருந்தவையே 481தான். 750க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் உள்ள நாட்டில், மாவட்டத்துக்கு ஒன்றுகூட இல்லை.

சிறிய வட்டம் என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. திருப்பதிக்குச் சொல்வது சித்தூருக்குத் தேவைப்படாது. இரண்டுக்கும் நடுவே 70 கிலோமீட்டர் இருக்கிறது. திருப்பதியில் ஆகாசவாணி நிலையம் உண்டு, ஆனால் அதன் வேலை மொத்தப் பகுதிக்கும் பேசுவது. நகரி சந்தைக்கு மட்டும் அது பேச முடியாது.

எந்த மொழியில்?

உள்ளூர் மொழியும் வட்டார வழக்கும் விரும்பத்தக்கது என்கிறது கொள்கை. இந்த ஊர்களில் அது சுவாரஸ்யமான சிக்கல். சித்தூர் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. படாஸ்கர் பரிந்துரைப்படி எல்லை மாற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சித்தூர் அந்தப் பக்கமே நின்றது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கம் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு என்பது சாதாரணம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து எல்லையின் இரண்டு பக்கமும் நடக்கிறது. நகரியில் ஒரு நிலையம் வைத்தால், தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்கும் கேட்கும். ஒரே நிகழ்ச்சியில் ஒருவர் தமிழில் கேட்டு இன்னொருவர் தெலுங்கில் பதில் சொல்வது அங்கே யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. பெரிய சேனல் எதுவும் இதைச் செய்யாது. குறைந்தது 50 சதவீத நிகழ்ச்சிகள் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும் என்ற விதியும் இருப்பதால், கூத்து வாத்தியாரும் பால் கறப்பவரும் மைக் முன்னால் வந்தே ஆக வேண்டும்.

விவசாயம் ஓகே, அரசியல் கூடாது. கோடு எங்கே?

விவசாயம், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், பண்பாடு ஆகியவற்றைக் கொள்கை வரவேற்கிறது. செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் அரசியல் தன்மை உள்ள நிகழ்ச்சிகளும் கூடாது என்கிறது. பின்னர் ஆகாசவாணி செய்தியை எடுத்து ஒலிபரப்ப மட்டும் அனுமதி வந்தது. சொந்தமாகச் செய்தி சேகரிக்க முடியாது. இந்தத் தடையை எதிர்த்து 'காமன் காஸ்' அமைப்பு 2013இல் உச்ச நீதிமன்றம் சென்றது.

இப்போது மாங்காய்க்குத் திரும்புவோம். மாவுப்பூச்சிக்கு என்ன மருந்து? பேசலாம். எந்த ஃபேக்டரியில் வரிசை நீளம்? தகவல் என்று சொல்லிச் சமாளிக்கலாம். 'எட்டு ரூபாய் என்று அரசு சொன்னதை ஏன் சிலர் தரவில்லை?' என்று ஒரு விவசாயி நேரலையில் கேட்டால்? அது விவசாயமா, நடப்பு நிகழ்வா? பதில் சொல்ல வேண்டியவர், லைசென்ஸைக் கையில் வைத்திருக்கும் நிலையத்துக்காரர். ஒலிபரப்பிய எல்லாவற்றின் பதிவையும் மூன்று மாதம் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். எனவே யாரும் தடுக்காமலேயே அந்தக் கேள்வி எடிட்டிங்கில் வெட்டுப்பட வாய்ப்பு அதிகம். வாட்ஸ்அப் குரூப்பில் யார் என்ன விலை சொன்னாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. பெயர், முகவரி, பொறுப்பு எல்லாம் உள்ள வானொலிக்குத்தான் வாய்ப்பூட்டு. இந்த விதி தலைகீழாக இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வானொலி விவசாயத்தை மாற்றும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1960களில் தஞ்சாவூரில் ஏடிடி 27 ரகம் பரவியபோது மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. அது மேலிருந்து கீழே வந்த அறிவுரை. சமுதாய வானொலியில் கேட்பவரே பேசுகிறார். பேசினால் விலையும் தண்ணீரும் கட்டாயம் வரும்.

காசுக்கு என்ன வழி?

2024 பிப்ரவரியில் விதிகள் கொஞ்சம் தளர்ந்தன. விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமானது. அரசு விளம்பரக் கட்டணம் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயானது. 12 நிமிடமும் அதே விலையில் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். கிராமத்தில் அப்படி நிரம்பாது. 2 நிமிடம் கிடைத்தால் 888 ரூபாய்; மின்கட்டணம், இரண்டு பேர் சம்பளம் எல்லாம் இதற்குள். முதல் அனுமதிக் காலம் 5 வருடத்திலிருந்து 10 வருடமானதுதான் உண்மையில் பெரிய நிம்மதி. ஆலோசனை, உள்ளடக்கக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததே.

யார் விண்ணப்பிக்கலாம்?

கல்வி நிறுவனங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள், கிருஷி விக்யான் கேந்திரங்கள், பதிவு செய்து குறைந்தது மூன்று வருடம் ஆன லாபநோக்கற்ற அமைப்புகள். தனிநபர், அரசியல் கட்சி, லாபத்துக்கு நடக்கும் கம்பெனி கூடாது. விண்ணப்பம் 'பிராட்காஸ்ட் சேவா' இணையதளத்தில். அமைப்புகள் என்றால் உள்துறை, பாதுகாப்பு அமைச்சகங்களின் ஒப்புதலும் வேண்டும், பிறகு அலைவரிசை ஒதுக்கீடு. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மைக் விலையை அல்ல, ஊரில் மூன்று வருடம் தாண்டிய ஒரு சங்கம் உயிரோடு இருக்கிறதா என்பதை.