யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் விடுதிப் பாடசாலைகளும்

பிள்ளையைத் தம்மருகில் வைத்து வளர்ப்பதா, கல்வியின் பொருட்டுப் பிறர் கையில் ஒப்படைப்பதா என்னும் வினா எக்காலத்துப் பெற்றோரையும் வருத்துவதாகும். யாழ்ப்பாணத்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வினா மிகக் கடுமையாக எழுந்தது.

1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் முதலில் ஊர்ப் பாடசாலைகளை நிறுவினர். அங்கே பயின்ற பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பினர். ஆனால் மிஷனரிமார் அதனோடு அமையவில்லை. பிள்ளையின் உள்ளத்தைக் கிறிஸ்து சமயத்தின்பால் திருப்பவேண்டுமாயின், வீட்டுச் சூழலினின்றும் அதனைப் பிரித்துத் தம் வளவிலேயே வைத்தல் வேண்டும் எனக் கருதினர். விடுதிப் பாடசாலைகள் இவ்வாறே தோன்றின. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் ஆரம்பமாயின.

அங்கே தொடக்கத்தில் உணவு, உடை, கல்வி யாவும் இலவசம். செலவை அமெரிக்காவிலிருந்த அன்பர்கள் ஏற்றனர். பெற்றோர் கொடுக்க வேண்டியிருந்தது பணமன்று, பிள்ளையையே. பணம் உதவியவரின் பெயர் பிள்ளைக்குச் சூட்டப்படுதலும் வழக்காயிருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை முதலிய பெயர்கள் அவ்வழக்கின் சான்றுகளாம்.

பெற்றோர் இதற்கு எளிதில் இணங்கினாரல்லர். தொடக்க காலத்தில் மாணவர் மிஷன் வளவில் உண்ண மறுத்தமையால், அயலிலிருந்த சைவர் காணியிலே சமையற்கூடம் அமைக்க நேர்ந்தது. பெண்பிள்ளைகளை அனுப்புதற்கோ தயக்கம் இன்னும் மிகுதி. படித்த பெண்ணை யார் மணப்பார் என அஞ்சினர். உடுவிலிற் கற்றுத் தேறிய பெண்களுக்கு மிஷனே சீதனம் வழங்க முன்வந்தமை அவ்வச்சத்தின் ஆழத்தைக் காட்டும்.

ஆயினும் பலர் இணங்கினர். காணி தலைமுறைதோறும் பங்குபட்டுச் சுருங்கிற்று. ஆங்கிலம் அறிந்தவனுக்கோ அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். இத்தகைய உயர்வைக் கண்ட பெற்றோர் மனம் அசையாதிருக்குமோ?

எனினும் கல்வி வேண்டுமாயின் சமயத்தை இழக்கத் துணிதல் வேண்டும், சமயம் வேண்டுமாயின் கல்வியை இழத்தல் வேண்டும் என்ற நிலை கொடியது. இதனை நன்குணர்ந்தவர் ஆறுமுக நாவலர். அவரே மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கே ஆசிரியராயும் இருந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வீடுகளிற் சேர்க்கப்பட்ட பிடியரிசியும் அதற்குத் துணையாயிற்று. அதனாற் சைவப் பெற்றோருக்கு வேறொரு வழி திறந்தது.

1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலங் கற்றோர் மிஷன் ஊழியத்தை விட்டு உத்தியோகத்தை நாடுகின்றனர் என்பது மேலிடத்தார் கண்ட குறை. ஆனால் யாழ்ப்பாணத்தார் வாளாவிருக்கவில்லை. பழைய மாணவர் முதலியோரின் முயற்சியால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் எழுந்தது. ஒரு காலத்தில் இலவசமாய் அழைத்தபோதும் தயங்கிய மக்கள், இப்பொழுது கட்டணம் செலுத்திப் பிள்ளைகளைப் படிப்பிக்க முன்வந்தனர். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, வகுப்புக் கட்டணச் சுமையும் பெரும்பாலும் நீங்கிற்று.

அன்று பிள்ளையை விடுதிக்கு அனுப்பியவரைச் சோற்றுக்கு விற்றவர் என இகழ்தலும், அனுப்ப மறுத்தவரை அறியாமையுடையோர் எனத் தள்ளுதலும் எளிது. இரண்டும் நியாயமாகா. இருதிறத்தாரும் பிள்ளையின் நலனையே எண்ணினர். அவர்முன் இருந்த வழிகளே மிகச் சில. ஊரிலே நல்ல பாடசாலை ஒன்று கூடுதலாக எழுந்தபோதெல்லாம் பெற்றோரின் துயரம் ஒருபடி குறைந்தது. பெற்றோருக்கு அறிவுரை கூறுவதிலும், அவர்கள் தெரிந்தெடுக்கத்தக்க வழிகளைப் பெருக்குவதே சமுதாயத்தின் கடமை என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.