வாக்கியத்தின் கடைசிச் சொல்

முதுகலை பயின்ற நாளில், வேலைக்கான ஆங்கில விண்ணப்பம் ஒன்றை எழுதி, மொழியறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். 'தி காலேஜ் தட் ஐ ஸ்டடீட் இன்' என்றொரு தொடர் அதில் இருந்தது. இறுதியில் நின்ற 'இன்' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, "இதை முன்னே கொண்டுபோ" என்றார். நானும் பணிவோடு 'இன் தட்' என்று திருத்தினேன். அதையும் சுழித்தார். "'இன் விச்' என்றுதான் வரவேண்டும், அதுதான் இலக்கணம்" என்றார். யார் வகுத்த இலக்கணம் என்று கேட்கும் துணிவு அன்று எனக்கில்லை. பல்லாண்டுகள் கழித்துத் தேடியபோது, அந்தச் சிவப்பு மையின் ஊற்று பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் மேசையில் இருப்பதைக் கண்டேன்.

அவர் ஜான் டிரைடன். 1672இல் தம் நாடகத்தோடு வெளியிட்ட ஒரு கட்டுரையில், முந்திய தலைமுறையின் பெருநாடகாசிரியர் பென் ஜான்சனின் மொழியை ஆராய்ந்தார். 1611இல் வெளிவந்த 'கட்டிலைன்' நாடகத்தின் ஓர் அடி 'ஃபிரம்' என்னும் சொல்லோடு முடிவதைக் குற்றமாகக் காட்டினார். ப்ரிபொசிஷன் எனும் முன்னிடைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்பது ஜான்சனிடம் அடிக்கடி காணும் குறை என்றார். தம் எழுத்திலும் அக்குறை உண்டென்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், 1668இல் வெளியிட்ட நாடகக்கலை பற்றிய தம் நூலை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது, இறுதியில் நின்ற முன்னிடைச்சொற்களைத் தேடித்தேடி இடம் மாற்றினார்.

ஏன் குறை என்பதற்கு அவர் காரணம் சொல்லவில்லை. ஆனால் 1679இல் எழுதிய ஒரு முன்னுரையில், தம் ஆங்கிலம் சரியா என்று ஐயம் எழும்போது அதை இலத்தீனில் பெயர்த்துப் பார்ப்பதே தம் வழக்கம் என்கிறார். இலத்தீனில் முன்னிடைச்சொல்லைத் தனியே வாக்கியத்தின் கடைசியில் விடும் வழக்கில்லை. 'ப்ரிபொசிஷன்' என்ற பெயருக்கே 'முன் வைக்கப்பட்டது' என்றுதான் பொருள்.

ஆங்கிலத்தின் சொந்த வரலாறு வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் 'தெ' என்றொரு தொடர்புச் சொல் இருந்தது. அது வேற்றுமை ஏற்காது. முன்னிடைச்சொல்லும் அதன்முன் நிற்காது, பின்னே வினைச்சொல்லை ஒட்டியே நிற்கும். வேற்றுமை ஏற்கும் சுட்டுப்பெயர் தொடர்புச் சொல்லாக வரும்போது மட்டும் அது முன்னே வரும். ஆக, இரண்டு வழக்குகளும் தொடக்கத்திலிருந்தே அருகருகே வாழ்ந்தவை. பின்னாளில் 'தெ' மறைந்து அதன் இடத்தில் 'தட்' அமர்ந்தது. பழைய குணமும் உடன் வந்தது. வினாச்சொற்களாக இருந்த 'விச்', 'ஹூம்' ஆகியவை தொடர்புச் சொற்களாகி முன்னிடைச்சொல்லைத் தம்முன் ஏற்றன. நான் எழுதிய 'இன் தட்' பிழையானதன் காரணம் இதுதான். டிரைடன் சுட்டிய ஜான்சனின் அடியிலும் இருந்தது 'தட்' என்பதே! சொல்லையே மாற்றாமல் அந்த 'ஃபிரம்' முன்னே வர வழியில்லை.

1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் இவ்வளவு கடுமை காட்டவில்லை. கடைசியில் வைப்பது பேச்சுக்கும் எளிய நடைக்கும் ஏற்றது. முன்னே வைப்பது தெளிவும் கம்பீரமும் உடையது என்றார். இவ்வழக்கில் ஆங்கிலத்துக்கு நாட்டம் மிகுதி என்று கூறும் வாக்கியத்திலேயே 'டு' என்பதைக் கடைசியில் வைத்தார். 1795இல் லிண்ட்லி மரே அக்கருத்தைத் தம் இலக்கணத்தில் எடுத்தாண்டபோது, அந்த 'டு'வை முன்னே நகர்த்தி 'டு விச்' ஆக்கிவிட்டார்! பள்ளிகளில் பரவியது மரேயின் நூல். நடை பற்றிய பரிந்துரை நாளடைவில் பிழை பற்றிய சட்டமாயிற்று. 1926இல் ஃபௌலர் தம் அகராதியில் இதை மூடநம்பிக்கை என்றே எழுதினார். ஆயினும் சிவப்பு மை உலரவில்லை.

நம் மாணவர்களுக்கு உள்ள இடர் வேறு. 'நான் வாழ்ந்த வீடு', 'நான் எழுதிய பேனா', 'நான் வந்த நாள்' என்று பெயரெச்சத்தாலேயே எல்லா உறவையும் சொல்லிவிடுகிறோம். இடம், கருவி, காலம், செய்பவன், செயப்படுபொருள், செயல் ஆகிய ஆறையும் பெயரெச்சம் தழுவும் என்பது தொல்காப்பியம் கண்ட உண்மை. இடத்துக்கோ கருவிக்கோ அங்கே தனி உருபு வேண்டுவதில்லை. அப்பழக்கத்தால் நம் பிள்ளைகள் 'தி ஹவுஸ் விச் ஐ லிவ்ட்' என்று 'இன்' இன்றியே எழுதிவிடுகின்றனர். அது உண்மையான பிழை, அதைத்தான் திருத்தவேண்டும். 'இன்' முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும் இடமறிந்து தேர்வதற்குரிய நடை. அரசுக் கடிதத்தில் முன்னே நிற்கட்டும். நண்பருக்கு எழுதுகையில் பின்னே நிற்கட்டும்.

டிரைடன் இலத்தீனைக் கொண்டு ஆங்கிலத்தை அளந்த அதே நூற்றாண்டில், இங்கே சுப்பிரமணிய தீட்சிதர் 'பிரயோக விவேக'த்தில் வடமொழி இலக்கணத்தைக் கொண்டு தமிழை விளக்கிக்கொண்டிருந்தார். இருவரும் பெரும்புலமையாளர்; தம் மொழியை நேசித்தவர். எனினும், அயல்மொழியின் அளவுகோலுக்கு அடங்காததெல்லாம் பிழையாகிவிடாது. இன்று விடைத்தாள் திருத்த அமரும்போதெல்லாம் அந்தப் பழைய விண்ணப்பம் நினைவுக்கு வருகிறது. சுழிப்பதற்குமுன் ஒரு கணம் பேனா தயங்குகிறது.