கறுத்த திரைக்குப் பின்னே பழைய வாசல்

கடவுச்சொல் கேட்காமல் தானே திறக்கும்படி என் லினக்ஸ் கணினியை வைத்திருந்தேன். ஒருநாள், தானாகத் தொடங்கும் நிரலொன்று சிக்கித் திரை கறுத்துவிட்டது. என் நினைவுக் குறிப்புகள் எல்லாம் உள்ளே!

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எழுத்துத் திரை வந்து பெயர் கேட்டது.

அது பழைய வாசல். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில், டெலிடைப்பில் தட்டினால் பதில் காகிதத்தில் அச்சாகும். 1991இல் பிறந்த லினக்ஸ், அந்த எழுத்துத் திரையை இன்றும் ‘டிடிஒய்’ என்றே அழைக்கிறது, டெலிடைப்பின் சுருக்கம்.

கடவுச்சொல்? தட்டாமலே மறந்திருந்தேன். நல்லவேளை, பழைய டைரியில் இருந்தது. ‘ஆட்டோஸ்டார்ட்’ அடைவிலிருந்த கோப்பை ‘எம்வி’ கட்டளையால் வேறிடம் மாற்றி, கணினியை மறுபடி தொடங்கினேன். குறிப்புகள் பத்திரம்.

நுழைவதை பிரெஞ்சில் ‘செசியோன் திறப்பது’ என்போம். இப்போது தினமும் நானே திறக்கிறேன்.